மிளகாய்ப் பாத்தியில் கோரை: பிடுங்கப் பிடுங்க வருகிறது

கேள்வி, 2023 ஜூலை 9

அக்கா, மிளகாயும் கத்தரியும் வைத்த பாத்தியில் பளபளவென்று ஒரு புல் வருகிறது. இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். ஆனால் மூன்றாம் நாள் அதே இடத்தில் விரல் நீளத்துக்கு நிற்கிறது. அறுகு என்று நினைத்தேன், ஆனால் கொடியாகப் படரவில்லை. இது என்ன? மண்ணை நன்றாகக் கொத்திப் புரட்டிவிட்டால் ஒழியுமா?

2023 ஜூலை 9, மாலை

கோரை. புல் மாதிரி தெரியும், புல் இல்லை. பூக்காம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லாக இருந்தால் உருளும், நடுநடுவே கணு தட்டுப்படும். கோரை உருளாது. காம்பு முக்கோணம், மூன்று விளிம்பும் விரலில் உறுத்தும், கணு கிடையாது. இலைகளும் மூன்று பக்கமாக அடுக்கி வரும். பூ வந்திருந்தால் செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டியது போல உச்சியில் விரிந்திருக்கும்.

சந்தேகம் தீர ஒரே வழி, இழுக்காமல் தோண்டுவது. செடிக்கு நான்கு விரல் தள்ளிக் கரண்டியை இறக்கி, மண்ணோடு பெயர்த்து எடுங்கள். அடியில் கொண்டைக்கடலை அளவில் கறுப்பாக, நார் மூடிய கிழங்கு இருக்கும். அதிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு போய் இன்னொரு கிழங்கில் முடியும், அங்கிருந்து மற்றொன்று. நகத்தால் கீறி முகர்ந்தால் குளியல் பொடி வாசனை. அதுதான் கோரைக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்றும் சொல்வார்கள்.

மண்வெட்டியை ஆழமாகப் போட்டுப் புரட்டி, கண்ணில் பட்ட கிழங்கையெல்லாம் பொறுக்கிவிடுங்கள். ஒரு தடவை முழுமையாகச் செய்தால் போதும்.

2023 ஜூலை 10

அவசரப்பட்டு ஒன்றை விட்டுவிட்டேன். முக்கோணக் காம்பு இருப்பதெல்லாம் இந்தக் கோரை ஆகாது. வயல் மண் கொண்டுவந்து கொட்டிய பாத்தி என்றால் ஊசிக்கோரையும் வட்டக்கோரையும் வரும். அவை நெல் வயல் களைகள், விதையில் முளைப்பவை, அடியில் வெறும் சல்லி வேர்தான். விதை கொட்டுவதற்கு முன் பிடுங்கிப் போட்டால் கதை முடிந்தது. வட்டக்கோரையின் பூ உருண்டையாகத் திரண்டிருக்கும், ஊசிக்கோரையின் பூ மஞ்சள் கலந்து தெரியும். கிழங்கு இல்லை என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஆகவே முதலில் தோண்டிப் பாருங்கள்.

2023 ஜூலை 12

கிழங்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு கொத்தில் ஐந்து. சரி, அதேதான்.

2023 ஜூலை 30

மேலே ஜூலை 9-ல் எழுதிய கடைசிப் பத்தியை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழமாகப் புரட்டச் சொன்னது தவறு, ஒரு தடவை போதும் என்றது அதைவிடத் தவறு. இதை என் தோட்டமே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. மறந்துவிட்டு உங்களுக்கு எழுதினேன்.

திருச்சிக்கு வெளியே எங்கள் வீடு. மனைக்குப் பின்னால் எட்டுப் பாத்தி. 2021-ல் ஒரு லோடு செம்மண் வாங்கிக் கொட்டினோம். அதோடுதான் கோரை வந்தது, அதற்கு முன் எங்கள் பக்கம் இல்லை. முதல் வருஷம் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து முளைதான் இருந்தது. அதை ஒழிக்கிறேன் என்று பவர் வீடர் என்ற களையெடுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து எட்டுப் பாத்தியையும் ஓட்டினோம். மண் மாவு மாதிரி ஆனது, பார்க்க அத்தனை அழகு. பதினைந்தாவது நாள் எட்டுப் பாத்தியிலும் நாற்றங்கால் போலப் பச்சை.

காரணம், மாலை போலக் கோத்திருக்கும் அந்தக் கிழங்கு வரிசையில் இருக்கிறது. கோத்திருக்கும் கிழங்குகளில் ஒன்று முளைத்து நின்றால் மற்றவை அதற்கு அடங்கித் தூங்கும். கம்பி போன்ற அந்த இணைப்பை அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனியாள் ஆகிவிடும், தனித்தனியாக முளைக்கும். இயந்திரம் அறுத்தது, அறுத்ததை எட்டுப் பாத்திக்கும் பங்கு போட்டது. மண்வெட்டியும் இதைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

அகல உழுவதை விட ஆழ உழு என்பது நெல்லுக்கும் சோளத்துக்கும் சரி. கோரை இருக்கிற வீட்டுப் பாத்திக்குப் பொருந்தாது. கிழங்கில் பெரும்பகுதி மேல் அரை அடிக்குள்தான் இருக்கிறது. ஆழப் புரட்டினால் மேலே இருந்ததை நாமே ஒரு அடிக்குக் கீழே அனுப்புகிறோம். அங்கே ஈரம் காயாது, வெயில் எட்டாது. பத்திரமாக இருந்து பிறகு வரும்.

2023 ஜூலை 31

எங்கள் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். நாற்பது வருஷம் களை எடுக்கப் போனவர். அந்த வருஷம் நான் பாத்தியில் உட்கார்ந்து பிடுங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார். "ஏம்மா, தலைமயிரப் பிடிச்சு இழுத்தா ஆளு செத்துருவானா?" என்று கேட்டார். பிறகு என் களைக்கொத்தை வாங்கி, செடிக்குப் பக்கத்தில் சாய்வாகக் குத்தி, நெம்பி, மண்ணோடு தூக்கிக் காட்டினார். மாலை அறுபடாமல் மூன்று கிழங்கு வந்தது. நான் பிடுங்கியபோது வந்ததெல்லாம் இலைக் குருத்துதான். குருத்துக்குக் கீழே தடித்திருக்கும் அடிக்குமிழ்கூட மண்ணிலேயே நின்றது.

அதைக் கண்ணால் பார்த்த நானே உங்களுக்குப் புரட்டச் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

2023 ஆகஸ்ட் 13

எத்தனை கிழங்கு இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இன்று எண்ணினேன். நான்காவது பாத்தியில் ஒரு அடிக்கு ஒரு அடி கயிறு கட்டி, அரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி, மணல் சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்தேன். 63 கிழங்கு. மேலே நின்ற முளை 11 மட்டும். அப்படியானால் கண்ணுக்குத் தெரிவது ஆறில் ஒன்று. மீதி ஐம்பத்துச் சொச்சம் உள்ளே காத்திருக்கிறது.

பாத்தி நான்கடிக்கு எட்டடி. பெருக்கிப் பார்த்தால் ஒரு பாத்திக்கு இரண்டாயிரம். அப்போதுதான் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று உறைத்தது.

உலகத்தின் மோசமான களைகளை வரிசைப்படுத்தி 1977-ல் வெளியிட்ட லீராய் ஹோமும் அவருடைய கூட்டாளிகளும் முதலிடத்தைக் கொடுத்தது இந்தக் கோரைக்குத்தான். 90-க்கும் மேற்பட்ட நாடுகள், 52 பயிர்கள். நம் பாத்தியில் மட்டும் வந்த சாபம் என்று நினைக்க வேண்டாம்.

2023 ஆகஸ்ட் 14

சலித்தெடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். வீட்டுக் குழி அவ்வளவு சூடேறாது. அடுத்த வருஷம் எருவோடு பாத்திக்கே திரும்பி வரும். தெருவோரத்திலும் கொட்ட வேண்டாம், மழைத் தண்ணீரோடு பக்கத்து மனைக்குப் போகும்.

மொட்டை மாடிதான் இடம். எத்தனை நாள் காய வேண்டும் என்று சோதனை போட்டிருக்கிறேன். அறுபது கிழங்கு, சிமெண்டுத் தரையில் பரப்பி. மூன்றாம் நாள் இருபது, ஏழாம் நாள் இருபது, பதினான்காம் நாள் இருபது என்று எடுத்து ஈர மண்ணில் நடப்போகிறேன்.

2023 செப்டம்பர் 17

முடிவு. மூன்று நாள் காய்ந்ததில் 14 முளைத்தது. ஏழு நாள் காய்ந்ததில் 5. பதினான்கு நாள் காய்ந்தது ஒன்றுகூட வரவில்லை, தோண்டிப் பார்த்தால் உள்ளே சுருங்கிப் பழுப்பாக இருந்தது. இடையில் மழை இல்லாமல் இருந்தது முக்கியம்.

திண்ணையில் நிழலில் காகிதத்தில் வைத்திருந்த பத்துக் கிழங்கில் பதினான்கு நாளுக்குப் பிறகும் 7 முளைத்தன. அதனால் "காயவைத்தேன், சாகவில்லை" என்று எழுதியிருந்தவருக்கு என் கேள்வி: வெயிலிலா, நிழலிலா? மண் கட்டியோடு காயவைத்தாலும் கட்டிக்குள் இருக்கும் ஈரத்திலேயே பிழைத்துக்கொள்ளும். உதிர்த்து, கிழங்கு தனியாகத் தெரிய வேண்டும்.

கோரையைக் கொல்வது காய்ச்சல்தான். வேறு எதற்கும் அசையாத கிழங்கு ஈரம் போனால் போய்விடும்.

2023 செப்டம்பர் 18

என் மகள் நூறு கிழங்குக்கு ஐந்து ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டு, அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து மூன்றாவது பாத்தி முழுவதையும் சலித்துவிட்டார்கள். 92 ரூபாய் கொடுத்தேன். இதைவிட நல்ல செலவு இந்தத் தோட்டத்தில் நான் செய்ததில்லை. சின்ன விரல்களுக்குச் சின்னக் கிழங்கும் தப்பவில்லை.

2023 அக்டோபர் 22

மழை பிடித்துவிட்டது. ஈர மண்ணைச் சலிக்க முடியாது, சல்லடையில் அப்பிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கோரையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இந்த மாதங்களில் செய்ய வேண்டியது ஒன்றே: பதினைந்து நாளுக்கு ஒரு முறை, முளைத்ததை அடிக்குமிழோடு நெம்பி எடுப்பது. முளை வெளியே வந்து மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு பிடிக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்து மறுபடி முளைக்கிறது, புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. ஒரு கிழங்கில் பல கண் உண்டு, பல தடவை முளைக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து வரும். இலையின் அகலத்தைப் பார்த்தாலே தெரியும்.

நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டேன். ஒரு தவணை விட்டாலும் அது செலவழித்ததை வட்டியோடு சேர்த்துவிடும்.

2023 அக்டோபர் 29

"இதையே வளர்த்துப் பாய் நெய்யலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கோரை வேறு. எங்கள் மாவட்டத்தில் முசிறிப் பக்கம் காவிரிக் கரையோரம் வயலாகவே பயிர் செய்கிறார்கள். ஆள் உயரத்துக்கு வரும். அறுத்து, கிழித்து, காயவைத்து நெய்வார்கள். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் அதை ஊறவைத்து நூல் போலக் கிழித்துப் பட்டு மாதிரி நெய்கிறார்கள். குடும்பம் ஒன்றுதான், இனம் வேறு. நம் பாத்தியில் இருப்பது முழங்கால் உயரத்தைத் தாண்டுவதே அபூர்வம். அதில் பாய் நெய்ய முடியாது.

எங்கள் வீட்டில் கல்யாணப் பாய் ஒன்று இருக்கிறது, அம்மாவுடையது. அதை விரிக்கும்போதெல்லாம் இந்தப் பெயர் ஒற்றுமை மனதைக் கொஞ்சம் உறுத்துகிறது. ஒரு கோரையைக் கொண்டாடுகிறோம், இன்னொன்றை வேரறுக்கிறோம்.

2023 நவம்பர் 12

வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, கிழங்கைச் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு. அதில் காட்டுவது மஞ்சள் பூக் கோரை. அதன் கிழங்கு இனிப்பு, ஸ்பெயினில் வலென்சியாப் பக்கம் அதை அரைத்துப் பால் எடுத்துக் குடிக்கிறார்கள். அதில் கிழங்கு வேர்த்தண்டின் நுனியில் ஒற்றையாக இருக்கும், மாலையாகக் கோத்து வராது. இலை நுனியும் மெல்ல மெல்லக் கூர்ந்து நீளும். நம்முடையதில் இலை சட்டென்று முனையாக முடியும். கடித்துப் பார்த்தேன், கசப்பும் கற்பூர வாடையும்தான்.

சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் செரிமானத்துக்கும் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உள்ளுக்குச் சாப்பிடுவதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நான் செய்தது வெளிப்பூச்சு மட்டும். ஒரு படி கிழங்கை நன்றாகக் கழுவி, நாரைத் தேய்த்து எடுத்து, காயவைத்து, பாசிப்பயறு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேரோடு சேர்த்து நலங்கு மாவாக அரைத்து வைத்தேன். கடையில் வாங்குவதை விட வாசனை தூக்கலாக இருக்கிறது. மருந்து அடித்த மண்ணில் எடுத்த கிழங்கு என்றால் இதற்கு வேண்டாம்.

2024 ஜனவரி 21

கறுப்புப் பிளாஸ்டிக் விரித்தவர்களுக்கு. நானும் இரண்டாவது பாத்தியில் தக்காளிக்காக மூடாக்குத் தாள் விரித்தேன். ஒரு வாரம் அமைதி. எட்டாம் நாள் காலையில் தாள் முழுக்க ஊசி குத்தியது போல ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கோரை. முளையின் நுனி அத்தனை கூர். வைக்கோலும் தேங்காய் நாரும் எத்தனை கனமாகப் போட்டாலும் நுழைந்து வரும். மற்ற களைகளுக்கு மூடாக்கு நல்லது, இதற்கு மட்டும் கணக்கில் வராது. நெய்த பாய் போன்ற கனமான விரிப்பு தாங்குகிறது. ஆனால் செடி நட ஓட்டை போட்டோமே, அது வழியாக எட்டிப் பார்க்கிறது. செடியின் தூரோடு ஒட்டி வருவதால் எடுப்பதும் கஷ்டம்.

2024 மார்ச் 10

ஜூலை 30-ல் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மாலையை அறுத்தால் எல்லாம் முளைக்கும் என்பதைக் கெடுதலாகவே எழுதியிருக்கிறேன். அதை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தூங்கும் கிழங்கைத்தானே நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேண்டுமென்றே மேல் அரை அடியை மட்டும் கொத்தி, தண்ணீர் விட்டு, எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, இருபது நாளுக்குள் புதுக் கிழங்கு பிடிப்பதற்கு முன் மொத்தமாக எடுத்தால்? பாத்தி காலியாக இருக்கும்போதுதான் செய்ய முடியும். எழுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் முதலுக்கே மோசம்.

ஆறாவது பாத்தியில் செய்யப் போகிறேன். ஆழம் அரை அடி மட்டும், இதில் நான் மாறவில்லை.

2024 ஏப்ரல் 7

ஆறாவது பாத்தியில் கொத்திய பதினைந்தாம் நாள் முளை எண்ணினேன். ஒரு சதுர அடிக்கு 38. நான்காவது பாத்தியில் முன்பு எண்ணியபோது 11தான். அத்தனையையும் இரண்டு நாளில் கிழங்கோடு எடுத்தோம், மண் இளகியிருந்ததால் மாலை மாலையாக வந்தது. ஆயா வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் களை எடுக்குற" என்றார்.

அடுத்து கோடை வேலை. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு பாத்தியை இரண்டு விதமாக வைத்திருக்கிறேன். ஐந்தாவதில் மண்ணைப் பிரித்துப் போட்டு, மே முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏழாவதில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற நிறமற்ற பிளாஸ்டிக் விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து மூடியிருக்கிறேன். அக்கினி நட்சத்திரம் முடிந்ததும் பார்க்க வேண்டும்.

நிறமற்ற தாளையும் குத்திக்கொண்டு வராதா என்று கேட்கலாம். வெளிச்சம் பட்டவுடன் முளை கூர் நுனியை விட்டு இலை விரிக்கத் தொடங்கிவிடும். விரிந்த இலைக்குத் தாளைத் துளைக்கும் பலம் இல்லை, வேகும். கறுப்புத் தாளுக்கு அடியில் இருட்டு என்பதால் முளை கூராகவே நீண்டு குத்திவிடுகிறது. தாளுக்கும் மண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் இது நன்றாக நடக்கும், அதனால் ஓரத்தில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

2024 மே 19

மழை. மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. ஊருக்கு நல்லது, என் ஐந்தாவது பாத்திக்குக் கெட்டது. ஆறு வாரம் காய்ந்த மண் நனைந்துவிட்டது. மேலே கிடந்தவை ஏற்கெனவே செத்திருக்கும். கட்டிக்குள் இருந்தவை என்ன ஆகும் என்று தெரியும்.

2024 ஜூன் 16

ஐந்தாவது: சதுர அடிக்கு 9 முளை. காய்ச்சல் பாதி வேலை செய்திருக்கிறது. மழைக்கு முன்பே ஒரு தடவை கட்டியை உடைத்துப் புரட்டிவிட்டிருக்க வேண்டும்.

ஏழாவது: 4 முளை. அவையும் கீழே இருந்து வந்தவை. தோண்டிப் பார்த்ததில் அவற்றின் கிழங்கெல்லாம் முக்கால் அடிக்கும் கூடுதலான ஆழத்தில் இருந்தது. மேல் மண்ணில் இருந்தவை கையில் அழுத்தினால் நசுங்கின. பவர் வீடர் அன்று கீழே அனுப்பி வைத்தவைதான் இவை என்று நினைக்கிறேன்.

மொத்தத்தில் ஏழாவது பாத்தி முறை எங்கள் வெயிலுக்கு ஏற்றது. தாள் விலை உண்டு, ஆனால் மறுவருஷமும் பயன்படும்.

2024 ஆகஸ்ட் 4

மருந்து பற்றித் தொடர்ந்து கேட்கிறீர்கள், ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன்.

உப்பு, வினிகர், கோமியக் கரைசல், கொதிநீர்: இலை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாளில் மறுபடி வரும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். ஒரு தங்கை உப்பு போட்டு கோரை அப்படியே இருக்க, கீரை வராமல் போனதை எழுதியிருந்தார். தயவுசெய்து உப்பு வேண்டாம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாகக் கிழங்குவரை இறங்கும், உண்மைதான். முளைத்து நிற்கும் கிழங்கைக் கொல்லும், தூங்குகிற கிழங்கைத் தொடாது. பக்கத்தில் நிற்கும் மிளகாயையும் பார்த்து ஒதுங்காது. 2022 அக்டோபரில் மத்திய அரசு இதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. வீட்டுத் தோட்டக்காரர் கடையில் வாங்கி அடிக்கும் பொருள் அல்ல. ஹாலோசல்பியூரான் மெத்தில் என்று கோரைக்கே தனியாக ஒன்று இருக்கிறது, கரும்பு விவசாயிகள் அடிக்கிறார்கள். பத்து வகைக் காய்கறி கலந்து நிற்கும் பாத்திக்கு அது ஆகாது.

ஐந்து ஏக்கர் கரும்பு வைத்திருப்பவரிடம் கையால் நெம்பச் சொல்ல மாட்டேன். அவருடைய நிலைமை வேறு. நாம் பேசுவது நான்கடிப் பாத்தி. அன்றாடம் பிள்ளைகள் கீரை கிள்ளும் இடம்.

2024 ஆகஸ்ட் 5

நேற்று கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருந்தது. அந்தத் தங்கை மறுபடி கேட்டிருக்கிறார். உப்பு போட்ட பாத்திக்கு, தண்ணீர் வடிய வழி செய்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அப்புறம் தொழு உரம். இந்த மழைக்காலம் முடிந்தால் சரியாகலாம். கோரையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2024 டிசம்பர் 15

இவ்வளவு நாள் தோண்டுவதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்: நிழல்.

கோரை கரும்பையும் சோளத்தையும் போல வெயிலை அள்ளிக் குடித்து வளரும் வகை. நிழலில் கிழங்கு வைக்க முடியாமல் தவிக்கும். கொய்யா மரத்தடியில் ஒரு முளைகூட இல்லை என்பதை மூன்று வருஷமாகப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஆகஸ்டில் எட்டாவது பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கி நட்டேன். முதல் ஒரு மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கோரையை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கொடி மூடிவிட்டது. இன்று கிழங்கு வெட்டினோம், பதினொரு கிலோ. கூடவே வந்த கோரைக்கிழங்கு மொத்தப் பாத்திக்கும் ஒரு டம்ளர்தான். பாதி சுருங்கிப் போனவை.

இதில் நல்லது, நீங்கள் எப்படியும் அறுவடைக்காக மண்ணைக் கிளறுகிறீர்கள். ஒரே வேலையில் இரண்டும். கொடி வேண்டாம் என்றால் தட்டைப்பயற்றை நெருக்கி விதைக்கலாம். மிளகாயும் வெங்காயமும்தான் இதற்கு மிக மோசம். இலை குறைவு, தரையில் வெயில் அப்படியே விழும். கோரை அதிகமுள்ள பாத்தியில் ஒரு வருஷத்துக்கு வெங்காயம் வைக்காதீர்கள்.

2025 மார்ச் 2

பையில் வளர்ப்பவர் கேட்டது: பைக்குள் வந்துவிட்டால் வெட்டிக் கொண்டிருக்க வேண்டாம். செடி முடிந்ததும் மொத்த மண்ணையும் மாடியில் கொட்டி, மெலிதாகப் பரப்பி, இரண்டு மூன்று வாரம் காயவிட்டுச் சலித்து நிரப்புங்கள். தரையில் வைத்த பை என்றால் அடி ஓட்டை வழியாகத்தான் ஏறியிருக்கும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள். நாற்றுப் பண்ணையில் தொட்டிச்செடி வாங்கும்போது தூரில் பளபளப்பான மூன்று வரிசை இலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செடி வேண்டாம். லோடு மண் வாங்குகிறவர்கள் ஒரு கூடையை ஈரமாக்கி மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பாத்தியில் சேருங்கள். 2021-ல் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நான்கு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

2025 ஆகஸ்ட் 17

கணக்கு கேட்டவர்களுக்கு. நான்காவது பாத்தியில் அதே இடத்தில் மறுபடி கயிறு கட்டிச் சலித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் 63. இன்று 3. அதில் ஒன்று அழுகியிருந்தது. எட்டில் ஐந்து பாத்தியில் மாதத்துக்கு நான்கைந்து முளைதான் வருகிறது, காப்பி ஆறுவதற்குள் எடுத்துவிடலாம்.

மதிற்சுவர் ஓரம் மட்டும் அடங்கவில்லை. அந்தப் பக்கம் காலி மனை, முழுக்கக் கோரை, சுவரின் அடித்தளத்துக்குக் கீழே புகுந்து வருகிறது. ஓரமாக ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, பழைய தகரத்தை நிறுத்திப் புதைக்கலாம் என்று இருக்கிறேன். மனைக்காரரிடம் பேசினேன். மழைக்கு முன் ஆள் விட்டு அறுப்பதாகச் சொன்னார். அறுக்க வேண்டாம் அண்ணா, நானும் ஆயாவும் வந்து நெம்புகிறோம், சாவி மட்டும் கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மண் ஈரமாக இருக்கும்போதே.